பெட்ரோலில் 'மருந்து' கலக்கலாமா?

மளிகைக் கடைக்குத் தராசு எப்படியோ, அப்படித்தான் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியும். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கத்துச் சிறு கடைக்காரர்கள் பலர் அதில்தான் மூட்டை ஏற்றுகிறார்கள். அந்த வண்டியின் டேங்கில் நாம் எதை ஊற்றுகிறோம் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி அமலுக்கு வந்தது. அதன்படி வந்த எக்ஸ்.எல். வண்டியில் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்டர்தான். ஆனாலும் மைலேஜ் கூடும் என்று அந்துருண்டை போடுவதும், மண்ணெண்ணெய் சேர்ப்பதும், குப்பியில் விற்கும் மருந்தை ஊற்றுவதும் சிலரிடம் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது.

கார்புரேட்டரில் அழுக்கு சேர்ந்தால் மெக்கானிக் கழற்றி, ஊதி, மாட்டிவிடுவார். இன்ஜெக்டரின் துளைகளோ மிக நுண்ணியவை. சைலன்சர் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் புகையைச் சோதிக்க, ஒரு சிறு கம்ப்யூட்டர் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கிறது. புகையின் நச்சைக் குறைக்கக் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் உண்டு. உலோகச் சத்து கலந்த மருந்துகள் இவற்றைக் கெடுத்துவிடும். இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா மருந்தும் மோசம் என்று சொல்லவில்லை. பாலிஈதர் அமின் என்ற பொருள் உள்ள மருந்து, இன்ஜெக்டரில் படிந்த கசடைக் கரைக்கும். ஆனால் கசடே இல்லாத வண்டிக்கு அது வீண் செலவு.

மைலேஜ் குறைகிறதே என்பார்கள். 2025ல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. சரக்கிலேயே உள்ள இந்தக் குறையைச் சிறு குப்பி மருந்து ஈடுகட்டாது.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. மழைக்காலத்தில் வெல்லம் கசிவதைப் பார்க்கிறோம் அல்லவா? எத்தனாலும் அப்படியே ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவுக்கு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். வண்டி இழுப்பதும் அடியிலிருந்துதான். அப்போது டேங்கை வடித்துச் சுத்தம் செய்வதே வழி, மருந்து உதவாது.

ஆகவே டேங்க் மூடி இறுக்கமாக இருக்கட்டும். மழையில் வண்டியை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் பெட்ரோலோடு வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். வண்டியோடு தந்த புத்தகத்தில் சொல்லாத எதையும் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. லாபம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று, உள்ளே என்ன இருக்கிறது என்றே அச்சிடாத மருந்துக் குப்பிகளைக் கடையில் அடுக்காதீர்கள். அந்துருண்டை கேட்பவரிடம், "துணிப் பெட்டிக்குத்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுங்கள். வாடிக்கையாளரின் வண்டி நன்றாக ஓடினால்தான் அவர் மறுபடி நம் கடைக்கு வருவார்.