கையகத்து ஆற்றுப்படை

பத்துப்பாட்டினுள் ஐந்து ஆற்றுப்படை நூல்களாம். மேல்வகுப்பு மாணவர்க்கு அவற்றுள் மலைபடுகடாத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் ஒரு செய்தியை யான் வற்புறுத்துவதுண்டு. நன்னனிடத்துச் செல்லும் வழியைக் கூறுபவன், இப்பக்கம் போ, அப்பக்கம் திரும்பு என்று மட்டுஞ் சொல்லி அமைந்தானல்லன். பன்றிக்கு வைத்த பொறி உண்டு, பாம்பு உறையுங் குழி உண்டு, தினைப்புனங் காப்போர் எறியுங் கவண்கல்லுக்கு ஒதுங்கிச் செல்லல் வேண்டும் என்பனவற்றையும் எடுத்துரைக்கின்றான். தான் நடந்து வந்தவனாதலின் அவனுக்கு அவை தெரிந்திருந்தன.

இக்காலத்தில் ஆற்றுப்படுத்துந் தொழிலை நம் கையகத்துள்ள தொலைபேசி மேற்கொண்டுள்ளது. அது வழியைச் சொல்லும்; வழியிலுள்ள பொறிகளுட் பலவற்றைச் சொல்லாது. 2019 ஆம் ஆண்டு ஓகஸ்ற் விடுமுறையில் இலண்டன் மாநகரில் யான் இதனைப் பட்டு அறிந்தேன். கல்விக்கும் தொழிலுக்குமாக அந்நகர் செல்லும் நம் கல்லூரிப் பிள்ளைகள் பலராதலின், அப்பொறிகளை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தனர்.

முதற்கண், நாம் நிற்கும் இடத்தை அக்கருவி எங்ஙனம் அறிகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். இது தெரியாதவன் அதன் பிழையையும் உணரான். நிலத்தினின்று ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் அமெரிக்க அரசின் செய்மதிகள் முப்பதளவிற் சுற்றி வருகின்றன. உருசியா, ஐரோப்பா, சீனா என்பனவும் தத்தம் செய்மதிகளை வைத்துள்ளன. ஒவ்வொரு செய்மதியிலும் மிக நுட்பமான அணுக்கடிகாரம் உண்டு. தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் அது இடையறாது ஒலிபரப்புகின்றது. குறி புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்குமுள்ள வேறுபாட்டிலிருந்து தூரத்தைத் தொலைபேசி கணித்துக்கொள்ளும். நான்கு செய்மதிகளின் தூரம் கிடைப்பின் இடம் துணியப்படும். மூன்று போதாவோ எனின், போதா. தொலைபேசியின் கடிகாரம் அத்துணை நுட்பமானதன்று ஆகலின், அதன் பிழையைக் களைதற்கு நான்காவது வேண்டப்படுகின்றது. ஒரு விநாடியின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரம் ஏறக்குறைய 300 மீற்றர் பிழைபடும்.

இங்கே தொலைபேசி கேட்பதன்றிச் செய்மதிக்கு ஒன்றுஞ் சொல்வதில்லை. ஆதலால் சிம் அட்டை இல்லாவிடத்தும் இடத்தை அறியலாம். இல்லாமற் போவது வரைபடமே. அதனைப் புறப்படுமுன் வீட்டு வைபையிற் பதிவிறக்கி வைத்தால், இணையத் தொடர்பு அற்றவிடத்தும் வீதிகள் தெரியும். நாம் நிற்கும் நீலப்புள்ளியுந் தெரியும். பஸ், புகையிரத நேரங்கள் மட்டும் அவ்வாறு கிடையா.

இனி நிகழ்ந்ததைக் கூறுவேன். என் தமக்கையார் இல்லம் கிழக்கு இலண்டனில் ஈஸ்ற் ஹாம் பகுதியிலுள்ளது. பிரித்தானிய நூலகத்திற் பழைய தமிழ் அச்சுநூலொன்றைக் காணவேண்டுமென்பது என் நெடுநாள் விருப்பம். எம் பழைய மாணவர் ஒருவர் தம் வேலையிடையே ஒரு மணித்தியாலம் ஒழிவு பெற்று, பதினொரு மணிக்கு அந்நூலக முற்றத்திற் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். வழி மிக எளியது. ஈஸ்ற் ஹாமில் ஏறினால் ஹமர்ஸ்மித் அன்ட் சிற்றி என்னும் பாதையில் வண்டி மாறாமலே கிங்ஸ் குறொஸ் சென்று இறங்கலாம். தொலைபேசியும் அவ்வாறே கூறிற்று. வண்டி வந்தது, ஏறினேன்.

ஒரே மேடைக்கு இரு பாதைகளின் வண்டிகள் வரும் என்பதே யான் அறியாத பொறி. வரைபடத்தில் ஒன்றுக்கு இளஞ்சிவப்பு நிறம். மற்றதாகிய டிஸ்ரிக்ற் பாதைக்குப் பச்சை. ஓல்ட்கேற் ஈஸ்ற் வரையும் இரண்டும் ஒரே தண்டவாளத்திற் செல்லும். அதற்கப்பால் ஒன்று வடமேற்கே திரும்ப, மற்றது தேம்ஸ் நதிப்பக்கம் போய்விடும். யான் ஏறியது பச்சை வண்டி. போ றோட் நிலையத்தையடுத்து வண்டி நிலத்தினுட் புகுந்ததும் நீலப்புள்ளி அசையாது நின்றது. அதனைப் பார்த்துக்கொண்டே யானும் அமர்ந்திருந்தேன்! சன்னலுக்கு வெளியே நிலையங்களின் பெயர்கள் பெரிய எழுத்திற் கடந்து போயின. வீட்டில் மனப்பாடஞ் செய்திருந்த லிவர்பூல் ஸ்றீற்றுக்குப் பதிலாக ரவர் ஹில் என்று கண்டபின்னரே நெஞ்சு துணுக்குற்றது. அடுத்த நிலையமாகிய மொனியுமென்றில் இறங்கி மேலே ஏறினேன்.

மேலே வந்தால் எல்லாஞ் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனால் அப்பகுதி உயர்ந்த கட்டடங்கள் நெருங்கிய வணிக நகரம். செய்மதிக் குறி நேரே வாராது கண்ணாடிச் சுவர்களில் மோதித் தெறித்து வரும். மலையடிவாரத்திற் கூவியவனுக்கு எதிரொலி பிந்தி வருவதுபோல அதுவும் பிந்தி வரும்; பிந்திய குறியைத் தூரத்துக் குறியென்று தொலைபேசி மயங்கும். நீலப்புள்ளி வீதியின் இப்பக்கமும் அப்பக்கமுமாகத் துள்ளியது. திசை காட்டும் அம்பும் அவ்வாறே சுழன்றது. அதனை இயக்குவது தொலைபேசியினுள்ளேயுள்ள சிறு காந்தமானி. அயலிலுள்ள இரும்பு அதனைக் கலக்கும். இத்தகைய இடத்தில் அம்பை நம்பாது இருபது முப்பது பாகம் ஒரு பக்கமாக நடந்து, புள்ளி எப்பக்கம் நகர்கின்றது என்று பார்ப்பதே தக்கது. புள்ளி அப்போதுந் துள்ளுமாயின் கண்ணுக்குத் தெரிந்த அடையாளமே துணை. எனக்கு அன்று துணையாயிற்று அங்கு நிற்குங் கற்றூண். 1666 ஆம் ஆண்டில் இலண்டனை எரித்த பெருந்தீயின் நினைவாக 202 அடி உயரத்தில் எழுப்பப்பட்டது அது. தூண் நிற்குமிடத்திலிருந்து தீப்பிடித்த வெதுப்பகம் இருந்த இடம் வரையுள்ள தூரமும் 202 அடியென்பர். வரைபடத்திலே தூணைக் கண்டு, நிலத்திலே தூணைக் கண்டு, இரண்டையும் பொருத்திய பின்னரே என் இருப்பிடம் எனக்கு விளங்கிற்று. அந்நிலையத்திலிருந்து நிலத்தின்கீழே நடந்து பாங்க் நிலையத்தை அடைந்து, கறுப்பு நிறப் பாதையில் வடக்கே செல்லும் வண்டியேறிக் கிங்ஸ் குறொஸ் சேர்ந்தேன்.

அண்மைய ஆண்டுகளிற் சுரங்கங்கள் பலவற்றினுள்ளுந் தொலைபேசித் தொடர்பு எட்டியுள்ளது. ஆயினும் செய்மதிக் குறி அங்கே புகாது. ஆகவே நிலத்தின்கீழே நிறத்தையும் நிலையப் பெயரையும் வண்டியின் முகப்பிலுள்ள எழுத்தையுமே நம்புக.

வேறு சில பொறிகளையுஞ் சொல்லிவிடுகின்றேன். 2014 ஆம் ஆண்டு யூலை முதல் இலண்டன் பஸ்களிற் காசு பெறுவதில்லை. ஒய்ஸ்ரர் அட்டையை, அல்லது வங்கி அட்டையை, அல்லது தொலைபேசியையே பொறியிற் காட்டல் வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது ஒருமுறை காட்டினாற் போதும். நிலக்கீழ்ப் புகையிரதத்திலோ புகும்போதுங் காட்டி, வெளியேறும்போதுங் காட்டல் வேண்டும். புகும்போது தொலைபேசியையும் வெளியேறும்போது வங்கி அட்டையையுங் காட்டினால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்காயினும், முடிவுறாத இரு பயணங்களாகக் கொண்டு மிகை கட்டணம் அறவிடுவர். இடைவழியிற் பற்றரி தீர்ந்தாலும் இவ்விடர் நேரலாம். வழிகாட்டுங் கருவியையே பணப்பையுமாக்குதல் எனக்கு உடன்பாடன்று. அன்று ஒய்ஸ்ரர் அட்டை தனியே என் சட்டைப் பையிலிருந்தது.

ஒரே பெயருள்ள வீதிகள் அந்நகரிற் பலவுண்டு. ஆதலின் வீதிப் பெயரோடு அஞ்சற் குறியீட்டையும் இடுக. எழுத்தும் ஒலியும் வேறாதலும் உண்டு; லெஸ்ரர் என்று தொலைபேசி சொல்லும் பெயரைப் பலகையிற் பார்த்தால் லைசெஸ்ரர் என வாசிக்கத் தோன்றும். இன்னொன்று, தெருவோரத்தில் தொலைபேசியை ஏந்தி நிற்பவரிடமிருந்து அதனைச் சைக்கிளில் வந்து பறித்துச் செல்லுங் கள்வர் அங்கு உளர். வழி பார்க்க வேண்டின் கடைவாயிலுள் ஒதுங்கி, சுவர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டுப் பைக்குள் இட்டு நடக்க.

நூலக முற்றத்தில், கவராயம் பிடித்துக் குனிந்திருக்கும் நியூற்றனின் பெருஞ் சிலையருகே மாணவர் நின்றார். நேரம் பதினொன்று நாற்பது. அவருக்கு எஞ்சியது இருபது நிமிடம். என் முகத்தைப் பார்த்ததும், “பச்சை வண்டியிலையோ ஏறினீங்கள், சேர்? நானும் வந்த புதிசிலை அப்பிடித்தான்” என்றார். அந்த இருபது நிமிடத்தில் அவர் செய்த பேருதவி, ஒரு கடதாசித் துண்டில் கிங்ஸ் குறொஸ் முதல் ஈஸ்ற் ஹாம் வரையுள்ள நிலையங்களை வரிசையாக எழுதித் தந்ததே. அடியிலே, “இளஞ்சிவப்பு வண்டி, பார்க்கிங் என்று எழுதியிருக்கும்” என்றுங் குறித்திருந்தார்.

மாலையில் அத்துண்டைக் கையிற் பிடித்து, நிலையங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பதினான்காவதில் இறங்கினேன். தமக்கையார் வீட்டுக் கதவைத் தட்டியபோது தொலைபேசி அணைந்து அரைமணி நேரமாயிருந்தது.