நீர்த்தெருவிற் சிறு படகு

ஒல்லாந்து தேசத்தின் தலைநகராகிய ஆம்ஸ்டர்டாமில், தெரு முடியும் இடந்தோறும் தண்ணீர் தொடங்குகிறது. நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட கால்வாய்கள், ஆயிரத்துக்கும் அதிகமான பாலங்கள். இவற்றுள் தலையாய மூன்றும், பெருமக்கள் கால்வாய், சக்கரவர்த்தி கால்வாய், இளவரசர் கால்வாய் எனப் பொருள்படும் பெயர்களைத் தாங்கி, நகரின் நடுவை அரைவட்டமாகச் சூழ்ந்து செல்கின்றன. 1613ஆம் ஆண்டில் தோண்டத் தொடங்கிய இந்தக் கால்வாய் வளையத்தை, 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. நகருக்கு அழகு சேர்ப்பதற்காக மாத்திரம் வெட்டப்பட்டவையல்ல இவை. சரக்கேற்றிய தோணி வணிகனின் வாயிற்படிவரை வருதற்கும் வெட்டப்பட்டவை. 1656இற் கொழும்பைக் கைப்பற்றி, நமது மேற்குக் கரையிலே கால்வாய் வெட்டிக் கறுவா ஏற்றியவர்களும் இதே ஒல்லாந்தர் என்பதை நேயர்கள் அறிவர். அந்தக் கறுவா விலைப்பட்ட சந்தைகளுள் ஆம்ஸ்டர்டாம் முதன்மையானது.

இக்கால்வாய்களைக் காண இரண்டு வழிகள் உண்டு. கண்ணாடிக் கூரையிட்ட நீண்ட படகில் ஏறி அமர்ந்து, ஒலிபெருக்கி சொல்வதைக் கேட்டுக்கொண்டு செல்வது ஒன்று. சிறு படகொன்றை வாடகைக்கு எடுத்துத் தாமே ஓட்டிச் செல்வது மற்றொன்று. முன்னது சுகமானது, எனினும் நினைவில் நிற்பது பின்னதே. சாரதி அனுமதிப்பத்திரம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. வாடகை நிலையத்தார் பிணைப்பணம் பெற்று, நீர்வழிப் படமொன்றும் கேட்போர்க்கு மிதவை அங்கியும் தந்து, சில நிமிடங்கள் ஓட்டும் முறையையும் விளக்குவர். படகு பெரும்பாலும் ஆறேழு பேர் அமரத்தக்கது, மின்கலத்தால் இயங்குவது. நகரசபையும் 2025ஆம் ஆண்டிலிருந்து நகரின் மத்தியிலே புகை கக்கும் உல்லாசப் படகுகளைப் படிப்படியாக விலக்கி வருகின்றது.

அனுமதிப்பத்திரம் வேண்டாம் என்றதும், பழக்கமும் வேண்டாம் என எண்ணிவிடுதலே புதியவர் செய்யும் முதற் பிழை. தரையிலே வண்டி ஓட்டித் தேர்ந்தவரே நீரில் அதிகம் தடுமாறுவர். சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினாற் படகின் முன்பக்கம் இடப்பக்கம் திரும்பும். திருப்பியவுடன் திரும்புவதும் இல்லை. சற்றுப் பொறுத்தே இணங்கும். அதைப் பொறாதவர் மேலும் தள்ள, படகு அளவுக்கு மீறித் திரும்பிவிடும். பின்னர் மறுபக்கம் இழுப்பார். இவ்வாறு முதற் கால்மணி நேரம் நாகம் நெளிவது போன்ற பயணந்தான்.

படகுக்குத் தடை இல்லை என்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது. மோட்டாரை நிறுத்தினாலும் அது வழுக்கிக்கொண்டே செல்லும். நிறுத்த வேண்டுமாயின் மோட்டாரைப் பின்னோக்கி இயக்க வேண்டும். அன்றியும், மோட்டார் நின்றவுடன் சுக்கானின் வலிமையும் போய்விடுகிறது. அஞ்சியவர் முதலிற் செய்வது மோட்டாரை நிறுத்துவது; அந்தக் கணத்திலேயே படகு அவர் கையை விட்டுப் போய்விடுகிறது. எனவே ஆபத்து வேளையில் மெல்லென இயக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். படகு திரும்பும்போது அதன் பின்பக்கம் எதிர்த்திசையில் வீசும் என்பதையும் மறத்தலாகாது. வலப்புறத்தில் மதிலை ஒட்டி நின்ற படகை எடுத்த எடுப்பில் இடப்புறம் திருப்பினால், பின்பக்கம் மதிலில் மோதும். முதலிற் படகைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளிவிட்டே புறப்பட வேண்டும்.

நீர்த்தெருவுக்கும் சட்டம் உண்டு. வலப்பக்கமாகச் செல்லுதல் விதி. கால்வாய்களில் மணிக்கு 6 கிலோமீற்றரே வேகத்தின் எல்லை. விரைந்து நடப்பவர் கரையிலிருந்து படகை முந்திவிடலாம். சில கால்வாய்கள் ஒருவழிப் பாதைகள். பாலத்தின் கீழ் வழி ஒடுங்குவதால், எதிரே வருவதைப் பார்த்து, வேண்டுமாயிற் காத்திருந்து செல்ல வேண்டும். அங்கே எழுந்து நிற்பது தலைக்கு ஆபத்து. பல தொன் எடையுள்ள உல்லாசப் படகு குறுகிய திருப்பத்தில் நினைத்தவுடன் நிற்காது. வழிவிட வேண்டியது சிறு படகே. மதிலில் மோதப்போகும் வேளையிற் கையையோ காலையோ நீட்டித் தடுக்க முயல்வோர் உளர். ஆட்களுடன் கூடிய படகின் கனத்தைக் கை தாங்குமா? விரல்கள் நசுங்கும். படகின் பக்கத்திலே தொங்கும் மெத்தைக் காப்பு அதற்கென்றே உள்ளது, அதுவே மோதட்டும். மது அருந்திவிட்டு ஓட்டுவோர் தரையிற்போலவே நீரிலும் தண்டனைக்குரியர். நகரின் வடபாலுள்ள பெருந்துறைமுக நீரில் கப்பல்கள் செல்வதால், வாடகைப் படகுகள் அங்கே செல்லாதிருப்பதே நன்று.

கை பழகியபின் கண்ணுக்கு வேலை வருகிறது. ரெகுலியர்ஸ் கால்வாயின் முனையில், ஒன்றன்பின் ஒன்றாக ஏழு பாலங்களின் வளைவுகள் ஒரே நேர்கோட்டில் தோன்றும். பாலத்தின் மீது நிற்பவருக்கு இக்காட்சி படகிலிருப்பவருக்குப் போல முழுமையாகக் கிட்டுவதில்லை. ஒடுங்கி உயர்ந்த வீடுகளின் முகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கொம்பும் கொக்கியும், தோணியிலிருந்து பொருளை மேன்மாடத்துக்கு ஏற்றியவை. படிக்கட்டு அவ்வளவு குறுகியது. இன்றும் வீடு மாறுவோர் தளபாடங்களைச் சன்னல் வழியே ஏற்றுவதுண்டு. இளவரசர் கால்வாயில் 263ஆம் இலக்க வீட்டின் பின்கட்டிலேதான், 1942 முதல் 1944 வரை ஆன் பிராங்க் என்னும் சிறுமி குடும்பத்தாருடன் ஒளிந்திருந்தாள். அவ்விடத்திலே படகில் எழும் பேச்சு தானாகவே தாழ்ந்துவிடுகிறது.

நீர் துர்நாற்றமின்றி இருப்பதும் இயற்கையின் கொடையன்று. இரவு வேளைகளில் மதகுகளை மூடி, கிழக்கேயுள்ள ஏரியிலிருந்து புதுநீரை உட்செலுத்திப் பழைய நீரை வெளியேற்றுகின்றனர். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான துவிச்சக்கரவண்டிகளை அடியிலிருந்து வாரி எடுக்கின்றனர். அத்தனையும் எவ்வாறு விழுந்தன என்பது அந்நகரத்தாருக்கே வேடிக்கை.

குறித்த நேரத்திற்குச் சற்று முன்பே படகைத் திருப்பிக்கொண்டு வருதல் வேண்டும். மாலையில் எல்லோரும் ஒருங்கே திரும்புவதால், கரை அருகே நெருக்கம் மிகும். காற்றுக்கு எதிர்முகமாக, மிக மெல்ல அணுகி, முன்கயிற்றைக் கரைவளையத்தில் மாட்டிவிட்டு, பின்கயிற்றையும் கட்டிய பின்னரே மோட்டாரை நிறுத்த வேண்டும்.