பச்சை உடம்புக்காரியிடமும் ஒரு வார்த்தை

புதன்கிழமை தடுப்பூசி நாள். காளப்பநாயக்கன்பட்டியில் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலத்தில், காரவள்ளிப் பக்கமிருந்தும் சேந்தமங்கலம் பக்கமிருந்தும் காலையிலேயே கைக்குழந்தைகள் வந்துவிடும். எடை பார்ப்போம், அட்டையில் எழுதுவோம், ஊசி போடுவோம். ஒன்றரை மாத ஊசிக்கு வருகிறவர்களில் சில தாய்மார்களைத்தான் நான் கவனித்துப் பார்ப்பேன். பிள்ளை வீறிடும்; அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்படி ஒருத்தி, லாரி டிரைவரின் மனைவி. இரண்டாவதும் பெண். "ராத்திரி தூங்கறயா அம்மிணி?" என்று கேட்டேன். "புள்ள தூங்குதுங்க. நாந்தான் மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கறனுங்க" என்றாள். மாமியார் முந்திக்கொண்டார்: "காத்துச் சேட்டைங்க சிஸ்டர். மந்திரிச்சுக் கயிறு கட்டியாச்சு."

"கயிறு இருக்கட்டும். டாக்டரையும் பாத்துரலாம்" என்றேன். கயிற்றை அவிழ்க்கச் சொல்லியிருந்தால் அந்த அம்மா அடுத்த புதன்கிழமை வந்திருக்கமாட்டார்.

பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானோருக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளைமேல் பிடிப்பு வரவில்லை, 'நானெல்லாம் ஒரு தாயா' என்ற எண்ணம் அரிக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோய். ஆயிரத்தில் ஓரிருவருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத குரல்கள் கேட்கும். அது அவசர நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

வேலூர் பக்கம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் 100-க்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. அதோடு சேர்ந்து தெரிந்த காரணங்கள்: குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடோ பெற்றோரோடோ மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம், கைவேலைக்கு ஆள் இல்லாமை. ஹார்மோன்மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பிக்க முடியாது. இவற்றில் பாதி, வீட்டார் மனசு வைத்தால் மாறக்கூடியவை.

நம் வீடுகளில் பத்தியத்துக்குக் குறை வைப்பதில்லை. பூண்டுக் குழம்பு, லேகியம் எல்லாம் நேரத்துக்கு வரும். தூக்கத்தை மட்டும் யாரும் கொடுப்பதில்லை. அந்த மாமியாரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: ராத்திரி பால் குடித்ததும் பிள்ளையை நீங்கள் வாங்கித் தட்டி உறங்கவையுங்கள், அவள் படுக்கட்டும். முணுமுணுத்தார், ஆனால் செய்தார். வடக்கே லோடு போயிருந்த கணவனிடம் போனில் பேசினேன். "பாப்பா என்ன பண்ணுதுன்னு அப்பறம் கேளுங்க தம்பி. நீ சாப்டியான்னு மொதல்ல கேளுங்க."

பேச்சில் என்ன தீரும் என்பார்கள். பாகிஸ்தானில் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், எங்களைப் போன்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள தாய்மார்களின் வீடு தேடிப் போய்ப் பேச வைத்தார்கள். 2008-இல் வந்த முடிவு: பிரசவமாகி ஆறு மாதம் கழித்தும் சோர்வில் இருந்தவர்கள் அங்கே 23 சதவீதம், அந்தப் பேச்சு கிடைக்காத ஊர்களில் 53.

எல்லோருக்கும் பேச்சு மட்டும் போதாது. ரத்தசோகை, தைராய்டு பார்க்கவேண்டும். சிலருக்கு மாத்திரை வேண்டும். "மாத்திரை போட்டாப் பால் கெட்டுருமே" என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. செர்ட்ராலின் போன்றவை பாலில் மிகக் குறைவாகவே சேரும். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. போனில் பேசினால் போதும் என்பவர்களுக்கு 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் இருக்கிறது: 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

எடின்பரோ கேள்விப்பட்டியல் என்று 1987-இல் வந்த பத்துக் கேள்விகள் தமிழிலும் உண்டு. பத்தாவதைக் கேட்கத்தான் செவிலியர்களுக்கே நாக்கு எழாது: உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா? கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோம் என்று பயம். அப்படி ஆவதில்லை. கேட்கலாம். ஆமாம் என்று தலையாட்டினால் அவளைத் தனியே விடாமல், அன்றைக்கே கூட்டிப் போகவேண்டும். வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று காத்திருக்கக் கூடாது.