லாரன்ஸின் பிரஃப் சுப்பீரியர்

முதல் காட்சியிலேயே நாயகன் செத்துப்போகிறான். டேவிட் லீன் இயக்கி 1962-ல் வெளிவந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ அப்படித்தான் தொடங்குகிறது. கேமரா உயரத்தில் அசையாமல் நிற்கிறது. கீழே ஒரு கறுப்பு மோட்டார் சைக்கிள். ஒருவர் அதைத் துடைக்கிறார், சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார். பக்கத்தில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பிறகு உதைத்துக் கிளப்பி, ஆங்கிலேய நாட்டுப்புறச் சாலையில் பறக்கிறார். எதிரே இரண்டு சைக்கிள்கள். வண்டி விலகுகிறது. அடுத்து நாம் பார்ப்பது, செடிக்கிளையில் மாட்டிக்கொண்டு ஆடும் அவருடைய கண்ணாடியை. பாலைவனமும் ஒட்டகமும் அதற்கப்புறம்தான் வருகின்றன.

ஏழு ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது சில நிமிடங்களே. டி. இ. லாரன்ஸின் வாழ்க்கையில் அதற்கு இருந்த இடம் மிகப் பெரியது. முதல் உலகப் போரில், துருக்கியரை எதிர்த்து அரேபியர்கள் நடத்திய போரில் பிரிட்டிஷ் அதிகாரியாகப் பங்கேற்றது அவருக்குப் புகழைத் தந்தது. கூடவே குற்ற உணர்ச்சியையும் தந்தது. அரேபியர்களுக்குச் சுதந்திரம் என்று சொல்லிப் போரிட வைத்துவிட்டு, பிரிட்டனும் பிரான்ஸும் நாடுகளைப் பங்கு போட்டுக்கொண்டதை அவரால் மறக்க முடியவில்லை. கர்னலாக இருந்தவர் பெயரை மாற்றிக்கொண்டு, விமானப் படையில் கடைநிலைச் சிப்பாயாகச் சேர்ந்தார். ஷா என்ற பெயரில் கராச்சியிலும், ஆப்கன் எல்லையருகே மிரான்ஷாவிலும் வேலை பார்த்தார். அங்கே அவர் உளவு பார்க்கிறார் என்று செய்தித்தாள்கள் கிளப்பிவிட, 1929 தொடக்கத்தில் அவசரமாக இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். பேரையும் பதவியையும் உதறிய அந்த மனிதர் கடைசிவரை விடாத ஆடம்பரம் ஒன்று உண்டென்றால், அது பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிள்தான்.

நாட்டிங்ஹாமில் ஜார்ஜ் பிரஃப் என்பவர் நடத்திய சிறிய தொழிற்சாலை அது. 1919 முதல் 1940 வரை அங்கே உருவானவை சுமார் 3,000 வண்டிகள். எஞ்சின் ஓரிடத்திலிருந்து, கியர் பெட்டி இன்னோர் இடத்திலிருந்து என்று பிறர் செய்த பாகங்களை வாங்கித்தான் கோத்தார்கள். ஆனால் அப்படிக் கோப்பதில்தான் கைத்திறன் இருந்தது. வண்டியை ஒருமுறை முழுதாகப் பூட்டி, எல்லாம் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு மறுபடி பிரித்து, பெயின்ட்டும் முலாமும் ஏற்றி, திரும்பவும் பூட்டுவார்கள். எஸ்எஸ்100 என்ற மாடலில் அந்த 100, வேகத்தைக் குறித்தது: மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். ஓட்டிப் பார்த்து உத்தரவாதம் கொடுத்துத்தான் விற்றார்கள். நம்மூர் நெடுஞ்சாலையில் இன்றைக்கும் அந்த வேகம் யாரையும் கதிகலங்க வைக்கும். 1920-களின் சாலையில், அந்தக் காலத்து டயரில், அந்தக் காலத்து பிரேக்கில் அதை நினைத்துப் பாருங்கள்.

லாரன்ஸ் அடுத்தடுத்து ஏழு பிரஃப் வைத்திருந்தார், எட்டாவது தயாராகிக்கொண்டிருந்தது. ஜார்ஜ் என்று எண் போட்டும், விவிலியத்தில் வரும் ‘பொவனெர்கேஸ்’ என்ற இடிமுழக்கப் பெயரைச் சொல்லியும் அவற்றை அழைத்தார். அவர் உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்தான். படத்தில் நடித்த பீட்டர் ஓ’டூல் ஆறடியைத் தாண்டியவர். திரையில் கம்பீரமாகத் தெரியும் அந்த உருவத்தை மறந்துவிட்டு, பெரிய எஞ்சின் மேல் குட்டையான ஒரு மனிதர் குனிந்து ஒட்டிக்கொண்டிருப்பதை மனத்தில் கொண்டுவந்தால் உண்மைக்கு அருகில் போகலாம். ‘தி மின்ட்’ என்ற நூலில், சாலைக்கு மேலே தாழப் பறந்த விமானம் ஒன்றோடு தன் வண்டி போட்ட பந்தயத்தை அவர் எழுதியிருக்கிறார். விமானம் பின்தங்கிக்கொண்டே வருகிறது. மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அதற்கு இணையான பக்கங்களை நான் படித்ததில்லை. படத்தில் இந்த மகிழ்ச்சிக்கு இடமில்லாமல் போனது எனக்குப் பெரிய குறை.

1935 பிப்ரவரியில் படையிலிருந்து ஓய்வு பெற்று, டோர்செட்டில் கிளவுட்ஸ் ஹில் என்ற தன் சிறு வீட்டுக்கு வந்தார். மே 13 காலையில், நண்பரான எழுத்தாளர் ஹென்றி வில்லியம்சனுக்குத் தந்தி கொடுக்க பக்கத்திலிருந்த போவிங்டன் ராணுவ முகாமின் தபாலாபீசுக்குப் போனார். திரும்பும் வழியில் சாலை ஓரிடத்தில் தாழ்ந்து ஏறுகிறது. அந்தப் பள்ளத்தில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டார்கள். அவர்கள் மேல் மோதாமலிருக்க ஒடித்தார், தூக்கி எறியப்பட்டார். எதிரே ஒரு கறுப்புக் கார் வந்தது என்று ஒரு ராணுவ வீரர் சாட்சி சொன்னார். சிறுவர்கள் காரைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. சதிக் கதைகளெல்லாம் அந்தக் காரில் ஏறி வந்தவைதான். ஆறு நாள் நினைவு திரும்பாமல் கிடந்து, மே 19 அன்று இறந்தார். வயது 46. தலையில் கவசம் எதுவும் இருக்கவில்லை.

படம் இங்கிருந்து பின்னோக்கிப் போகிறது. நடந்த கதையோ முன்னோக்கிப் போனது.

அவருக்குச் சிகிச்சை அளிக்க வரவழைக்கப்பட்ட மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த இளம் மூளை அறுவை நிபுணர். அவரால் லாரன்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மரணம்தான் அவரைத் தலைக்காய ஆய்வில் இறக்கியது என்று மருத்துவ வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்று இறந்தவர்கள் 2,279 பேர். பெரும்பாலும் தலையில் பட்ட அடி. ஹெல்மெட் அணிந்திருந்து அடிபட்டவர்களைத் தேடிப் பார்த்தார்; அவருக்குக் கிடைத்தது ஏழே பேர். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில், பணியில் வண்டி ஓட்டும் எல்லா ராணுவத்தினருக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. கெய்ர்ன்ஸ் அதோடு விடவில்லை. 1943-ல், ரப்பர் ஹெல்மெட்டா நார்க்கூழில் செய்த ஹெல்மெட்டா, எது மூளையை நன்றாகக் காக்கிறது என்று ஒப்பிட்டும் எழுதினார்.

பொதுமக்களுக்கு அதே கட்டாயம் பிரிட்டனில் வந்தது 1973-ல்தான். கெய்ர்ன்ஸ் 1952-லேயே காலமாகிவிட்டார். லாரன்ஸைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஓ’டூலின் நீலக் கண்களைப் பாடாதவர்கள் இல்லை. பொறுமையாகக் கணக்கெடுத்து எத்தனையோ உயிர்களைக் காத்த இந்த மருத்துவரின் பெயர் மட்டும் வண்டி ஓட்டும் நமக்குத் தெரியாமலே போனது. அது நியாயமில்லை.

இந்தியாவில் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு, ஓட்டுபவரோடு பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் அணியவேண்டும் என்கிறது. நம் தெருக்களில் அது முழங்கையில் தொங்குகிறது, பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வருகிறது, போலீஸைக் கண்டதும் தலைக்கு ஏறுகிறது. ‘இங்கே பக்கத்தில்தானே’ என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: லாரன்ஸும் அன்று பக்கத்துத் தபாலாபீசுக்குத்தான் போனார். ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டிக்கொண்டு கிளம்புங்கள்.