சரத்தைச் செயற்கூற்றின் உள்ளீடாக மாற்றுதல் (பைத்தான்)

பைத்தான் நிரல்மொழியில் பயனர் விசைப்பலகையில் தட்டச்சிடுவது எண்ணாக இருந்தாலும் சரமாகவே கிடைக்கும். இரு எண்களைக் கூட்டும் செயற்கூற்றுக்கு "3,4" என்ற சரத்தை அப்படியே தந்தால், ஓர் உள்ளீடு குறைகிறது என்று பிழை வரும். ஸ்பிளிட் கொண்டு காற்புள்ளியில் பிரித்து, கிடைக்கும் பட்டியலின் முன் உடுக்குறி (*) இட்டு அழைத்தால் உறுப்புகள் தனித்தனி உள்ளீடுகளாகும். அப்போதும் விடை 7 அன்று, "34". பிரித்த பின்னும் அவை சரங்களே; ஒவ்வொன்றையும் இன்ட் மூலம் முழு எண்ணாக்க வேண்டும். பூல் இன்னும் ஏமாற்றும்: "ஃபால்ஸ்" என்ற சரம் வெற்றுச் சரம் அல்ல என்பதால் அதற்கும் ட்ரூ என்றே விடை தரும்.

பலர் நாடும் குறுக்குவழி இவால். அது சரத்தை நிரலாகவே இயக்கும். கோப்புகளை அழிக்கும் கட்டளையை ஒருவர் தட்டச்சிட்டால் அதுவும் நிறைவேறும். பைத்தான் 2-இல் இன்புட் செயற்கூறே இப்படித்தான் இயங்கியது. 2008-இல் வெளிவந்த பைத்தான் 3 இதைக் கைவிட்டது. மாணவர் பழக வேண்டியது ஏஎஸ்டி கூறிலுள்ள லிட்டரல்_இவால். எண், சரம், பட்டியல், அகராதி போன்ற மதிப்புகளை மட்டுமே அது ஏற்கும். செயற்கூற்று அழைப்பு இருந்தால் இயக்காமல் பிழை காட்டும். கிடைப்பது அகராதி எனில் இரண்டு உடுக்குறிகள் இட வேண்டும். அதன் திறவுகள் உள்ளீட்டுப் பெயர்களுடன் பொருந்திக்கொள்ளும்.