இராமானுசன் பட்டியலில் விடுபட்ட எண்

இரத்தினபுரிப் பகுதித் தோட்டப் பாடசாலையொன்றிற் கணிதம் கற்பிக்கும் யான், ஒருநாள் மாணவரை நோக்கி, 60 இறப்பர்க் கன்றுகளைச் சம வரிசைகளாக எத்தனை வகையில் நடலாம் என வினவினேன். 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 எனப் பன்னிரு வகைகளை அவர்கள் கண்டனர். 59 கன்றுகளாயின் இரண்டே வகை. 60 இற்குக் குறைந்த எவ்வெண்ணுக்கும் 12 காரணிகள் இல்லை. இங்ஙனம், தன்னிற் சிறிய ஒவ்வோர் எண்ணையும்விட மிகுதியான காரணிகளையுடைய எண்ணை மிகுபகு எண் எனலாம்.

இவ்வெண்களின் இயல்பை விரிவாக ஆராய்ந்தவர் ஈரோட்டிற் பிறந்த சீனிவாச இராமானுசன் (1887-1920). இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் 1915ஆம் ஆண்டு அவரது நீண்ட கட்டுரை வந்தது. அதிலுள்ள பட்டியலின் ஈற்றெண் 6,746,328,388,800. அஃதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800.

இதன் காரணிகளை ஒவ்வொன்றாக எண்ணுதல் வேண்டா. முதன்மை எண்களாகப் பிரித்தால்,

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

என வரும். ஒரு காரணியை ஆக்குங்கால் 2ஐ ஒருமுறையும் கொள்ளாமலோ, ஆறு முறை வரையோ கொள்ளலாம். ஆதலின் 7 வழிகள். இவ்வாறே 3 இற்கு 5 வழிகள். 5 இற்கும் 7 இற்கும் மும்மூன்று. ஏனைய ஐந்து எண்களுக்கும் இவ்விரண்டு. இவற்றைப் பெருக்க 10,080 காரணிகள் கிடைக்கும்.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1 என ஏறாது செல்வதையும் நோக்குக. 18 என்பது 2 × 3². 12 என்பது 2² × 3. இரண்டிற்கும் காரணிகள் ஆறே. சிறியதாகிய 12 முன்னரே இருத்தலின், 18 மிகுபகு எண் ஆகாது. சிறிய முதன்மை எண்ணுக்குப் பெரிய அடுக்கு அமைவதன் காரணம் இதுவே.

இனி வியப்பான செய்தியொன்று. மேற்கூறிய ஈற்றெண்ணை 23ஆல் வகுத்தால் 293,318,625,600 வரும். அதன் காரணிகள் 5,040. அதுவும் மிகுபகு எண்ணே. ஆயினும் இராமானுசன் பட்டியலில் அது விடுபட்டுவிட்டது! பின்வந்தோர் சரிபார்த்தபோது இது புலனாயிற்று.

"ஐயா, இத்தகைய மேதையும் தவறுவாரா?" என்றாள் ஒரு மாணவி. தவறலாம், அதனால் அவர் பெருமை குன்றாது. எஃப். ஏ. தேர்விற் சித்தியெய்தாத அவருக்கு, 1916இல் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் இவ்வாராய்ச்சியை முதன்மையாகக் கொண்டே பி. ஏ. பட்டம் அளித்தது. இரவிற் படித்து வெளிவாரியாகப் பட்டம் பெற்ற என் போன்றோர்க்கு இது பெரியதோர் ஆறுதல்.

எனினும் அம்மாணவியின் வினாவையே யான் பெரிதாக மதிக்கின்றேன். பிறர் எழுதிய கணக்கை அப்படியே ஏற்றுப் பழகியது எம் தோட்டச் சமூகம். மேதையின் பட்டியலையும் பெருக்கிப் பார்க்கத் துணிந்த பிள்ளை, தாய் பறித்த கொழுந்தின் நிறையையும், தந்தைக்கு விழுந்த பேரையும், சம்பளச் சீட்டையும் சரிபார்க்கத் தயங்கமாட்டாள். எண்ணறிவு எமக்கு வேண்டுவது இதற்காகவுமன்றோ?