பசியும் ஒருசந்தியும்

தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று, முல்லைத்தீவுக் கரையோரப் பங்கு ஒன்றில் சிலுவைப் பாதை முடிந்த பின், வயோதிபத் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். அன்றைய மறையுரையில் நோன்பின் மேன்மையைச் சற்று விரிவாகவே எடுத்துரைத்திருந்தேன். “சுவாமி, பசி எங்களுக்குப் புதிசோ? அந்த வருசம் கிடந்த பட்டினியெல்லாம் ஒருசந்தி எண்டு ஆண்டவர் கணக்கில எழுதியிருப்பாரோ?” என்றார். அது கேலியன்று, அறிய விரும்பியே கேட்டார். குருமடத்தில் பயின்ற இறையியல் அவ்வேளை எனக்குக் கைகொடுக்கவில்லை.

அந்த வருசம் எதுவென்று வன்னியில் விளக்கத் தேவையில்லை. 2009இல் விபூதிப் புதன் பெப்ரவரி 25ஆம் நாள். உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12ஆம் நாள். புதுமாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய மணற்பரப்பில் எம்மக்கள் நெருக்குண்டு கிடந்த நாட்களிலேயே அந்த நாற்பது நாட்களும் கழிந்தன. அங்கிருந்தோரின் தொகை மிகக் குறைத்துக் கணிக்கப்பட்டு, போதிய உணவு சென்றடையவில்லை என்பதை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்துள்ளது. இறுதியில் முகாம்களை வந்தடைந்தோர் 2,80,000க்கும் மேல். அரிசியும் உப்பும் நீரும் சேர்ந்த கஞ்சியே பலரின் உயிரைத் தாங்கியது. நானோ அப்போது யாழ்ப்பாணத்தில் குருமட மாணவன். மூன்று வேளையும் மணியடித்தால் உணவு வரும். அதற்கிடையே நானும் ஒருசந்தி பிடித்தேன்!

திருச்சபையின் ஒழுங்கு எளிமையானது. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய நோன்பு நாட்கள். 18 வயது நிறைந்தோர் 60ஆம் வயது தொடங்கும்வரை ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்பர். 14 வயது நிறைந்தோர் யாவரும் அந்நாட்களில் சுத்தபோசனம் காப்பர். ஆனால் நோன்பு என்பது கையில் உணவிருந்தும் அதை விலக்கும் விருப்பச் செயல். பறிக்கப்பட்ட உணவு நோன்பாகாது. அதைப் புண்ணியம் என்று போற்றுவது பறித்தவரின் குற்றத்தை மறைப்பதற்கே உதவும். சிறைப்பட்டோரை விடுவிப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே தாம் விரும்பும் நோன்பென்று ஆண்டவர் எசாயா வாயிலாக உரைக்கிறார் (எசா 58:6-7). மக்களைப் பட்டினியில் வாட்டுவதை அவர் எங்கும் விரும்பியதில்லை.

இந்த வேறுபாட்டைத் திருத்தந்தை ஆறாம் பவுல் நன்குணர்ந்திருந்தார். 1966 பெப்ரவரி 17இல் தவமுயற்சி பற்றி அவர் வெளியிட்ட திருத்தூது ஆவணம், வசதிமிக்க நாடுகளின் கிறிஸ்தவர் தம்மை ஒறுத்துச் சான்று பகர வேண்டும் என்கிறது. வறிய நாடுகளின் மக்களோ சமூக நீதிக்காக எல்லா வகையிலும் உழைத்தவாறே, தம் துன்பத்தைக் கிறிஸ்துவின் சிலுவையோடு இணைத்துச் செபத்தில் ஒப்புக்கொடுக்கட்டும் என்கிறது. நாம் பெரும்பாலும் பின்பாதியை மட்டும் போதிக்கிறோம். ‘நீதிக்காக உழைத்தவாறே’ என்ற பகுதி எப்படியோ நழுவிவிடுகிறது.

இரண்டாம் நூற்றாண்டு உரோமையில் எழுதப்பட்ட ‘எர்மாவின் மேய்ப்பர்’ எனும் நூல் நோன்புக்கு ஒரு கணக்கே சொல்கிறது. அன்று அப்பமும் நீரும் போதும். உண்ணாது விட்ட உணவின் விலையைக் கணித்து, அதைக் கைம்பெண்ணுக்கோ அநாதைக்கோ கொடுக்க வேண்டும். இன்று மீனைத் தவிர்த்துப் பன்னீருக்கு அதிகம் செலவிடும் வீடுகள் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்த வெள்ளி அத்தாயிடம் இவற்றைச் சொன்னேன். “நீங்கள் கிடந்த பட்டினி ஒருசந்தியல்ல அம்மா, அது உங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி” என்றேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, ஒருநாள் கஞ்சிக்கு வரிசையில் நின்று கிடைத்த ஒரே கோப்பையில் பாதியைப் பக்கத்துப் பதுங்குகுழிப் பிள்ளைக்குக் கொடுத்ததைச் சொன்னார். அந்தப் பிள்ளை பிழைத்ததா என்று அவருக்குத் தெரியாது.

“அது ஒருசந்திதான்” என்றேன்.

அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. சட்டம் இனி அவரைக் கட்டுப்படுத்தாது. அதையும் சொன்னேன். “சட்டம் விட்டாலும் நான் விடேல்லை சுவாமி” என்று சிரித்தபடி, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பிடி அரிசியை அவிழ்த்து, ஆலய வாசலில் வறியோருக்கென வைத்த கூடையில் கொட்டிவிட்டுப் போனார்.